மஞ்சள் போஞ்சிக்கு ஊற்றிய தண்ணீர்

இரக்கம் நல்லதுதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் சவிரிமுத்துவுக்கு வந்த இரக்கம் வேறொருத்தியின் மூன்று வருடத்தைத் தின்றுவிட்டது.

சுவிஸில் டீட்டிகோனுக்குப் பக்கத்து ஆராய்ச்சிப் பண்ணையொன்றில் அவருக்குச் செடிச் சட்டி கழுவித் தண்ணீர் ஊற்றுகிற வேலை. மன்னாரிலிருந்து வந்து ஏழு வருடமாகியும், அந்த 97ஆம் ஆண்டு மாரியிலும் அகதி மனு தொங்கிக்கொண்டுதான் இருந்தது. நிலையான வேலையும் ஒரு நற்சான்றும் இருந்தால் தங்கவிடுவார்கள் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

அங்கே ரெகுலா என்ற பெண் கலாநிதிப் பட்டத்துக்காக மூன்று வருடமாகப் போஞ்சி, அதாவது பீன்ஸ் செடியின் வேரை ஆராய்ந்துகொண்டிருந்தாள். வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் பற்றீரியாதான் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்குகிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். மரபணுவில் எத்தனை வகை என்று கண்டுபிடிப்பதே அவள் பாடு. நாற்பது சட்டியில் நாற்பது வயலின் பற்றீரியா. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த பத்துச் சட்டியில் சுத்தமாக்கிய மணலும் செடியும் மட்டும், பற்றீரியா இல்லை.

அந்தப் பத்தும் பசியில் மஞ்சளாகின. வெள்ளை வாளித் தண்ணீரைத் தவிர வேறெதுவும் ஊற்றக்கூடாது என்று ரெகுலா இரண்டு தரம் சொல்லியிருந்தாள். அவருக்கு விளங்காமல் இல்லை. ஆனால் கமக்காரன் வீட்டில் பிறந்தவர், சாகிற செடியைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பார்? ஒரு ஞாயிற்றுக்கிழமை, பச்சைச் செடிகளின் தட்டில் வடிந்த தண்ணீரை அள்ளி, பத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாய் ஊற்றிவிட்டார்.

மூன்று கிழமையில் பத்தும் பச்சை. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு; வடிந்த தண்ணீரோடு பற்றீரியாவும் போயிருந்தது. உன் கை சுத்தமில்லை, இனி உன்னுடைய எந்த முடிவையும் நம்பமுடியாது என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் ரெகுலாவைப் பேசினார். அவளும் தன் கையையே சந்தேகித்தாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

சொல்லியிருக்கலாமே? வேலை போனால் மனைவி யூலியானாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சண்டைக்குள் திரும்பவேண்டும். தவக்காலத்தில் தமிழ்ப் பூசைக்கு வந்த சுவாமியிடம் மட்டும் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னார்.

"செபமாலை சொல்லும். ஆனா அந்தப் பிள்ளையிட்டையும் போய்ச் சொல்லும்" என்றார் சுவாமி.

செபமாலையை அன்றைக்கே முழங்காலில் நின்று முடித்தார். மற்றதைச் செய்யவில்லை.

சித்திரையில் ரெகுலா படிப்பை விட்டுவிட்டுக் கூர் நகருக்கு, தாய் வீட்டுக்குப் புறப்பட்டாள். போகிற அன்று சட்டி கழுவுமிடத்துக்கு வந்து, உங்களுக்கு வேண்டுமென்று கேள்விப்பட்டேன் என்று ஓர் உறையைக் கொடுத்தாள். அவர் ஈரக்கையைத் துடைத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டில் மூத்தவள் மெலானி உறையிலிருந்த நற்சான்றை வாசித்துத் தமிழில் சொன்னாள். சொன்னதைச் சொன்னபடி செய்பவர், தான் கண்டவர்களில் மிகக் கவனமானவர் என்று எழுதியிருந்தது.

யூலியானாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கமான பிள்ளை. நன்றி சொன்னனீங்களோ?"

"ஓம்" என்றார்.

திங்கட்கிழமை காலை, வேற்றுநாட்டவர் அலுவலகக் கதவு திறக்குமுன்பே வரிசையில் நின்று அந்தக் கடிதத்தைக் கொடுத்தார்.