வெண்டெல் கிடக்கும் மண்

யுஸ்தினாவுக்குச் சாவதில் பயமில்லை. ஆஸ்பத்திரியில் கையை விரித்து வீட்டுக்கு அனுப்பிய அன்றே, எந்தக் கறுப்பு உடுப்பை உடுத்திவிட வேண்டும், சாவுச் சாப்பாட்டுக்கு யாரைக் கூப்பிடக் கூடாது என்பதுவரை மகள் இபோயாவிடம் சொல்லி முடித்துவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அவளுடைய அப்பா வெண்டெல் இரண்டாம் உலகப் போரில் ரஷ்யாவோடு சண்டைக்குப் போனவர், திரும்பவில்லை. அவர் கிடக்கும் இடத்து மண் ஒரு பிடி தன் சவப்பெட்டிக்குள் வேண்டும் என்றாள்.

அப்போது ஹங்கேரி முழுவதும் இதே பேச்சுத்தான். கம்யூனிஸ்டு ஆட்சி இருந்தவரை, ஜெர்மன்காரன் பக்கம் நின்று சண்டை போட்டவர்களைப் பற்றி மூச்சுவிட முடியாது. கல்லறைத் திருநாளன்று, கல்லறை இல்லாதவர்களுக்காக இடுகாட்டின் பெரிய சிலுவையடியில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆட்சி மாறியதும் ஊருக்கு ஊர் பஸ் பிடித்துப் போய் மண் அள்ளி வந்தார்கள்.

"ஏண்டி, பக்கத்து வீட்டுக்காரி அவ மச்சான் மண்ணைக் கொண்டாந்துட்டா. அந்த ஆளு உசுரோட இருந்தப்ப ஒரு கரண்டி சூப்பு ஊத்தினவ இல்ல அவ. எங்கப்பாவுக்கு மட்டும் நாதியில்லையா?" என்று தினமும் கேட்டாள் யுஸ்தினா.

பட்டாளத்து அலுவலகத்தில் 'காணாமல் போனவர்' என்று சொல்லிவிட்டார்கள். இபோயா விடவில்லை. விசாரித்து விசாரித்து, வெண்டெலோடு ஒரே படையில் இருந்த காஷ்பார் என்கிற கிழவர் திஸ்ஸா ஆற்றுக்கு அக்கரையில் இருப்பதைக் கண்டுபிடித்துப் போய் நின்றாள்.

காஷ்பார் முற்றத்தில் உட்கார்ந்து பிளம்ஸ் பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய், ஜாம் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். பாட்டில் நிறையக் கரிய மண்.

"போன வருஷம் நானே போய் அள்ளிட்டு வந்தேன். வெண்டெல் அங்கதான் கிடக்கான். எடுத்துட்டுப் போம்மா. கதை கேக்காதே."

இபோயாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கதை கேட்காமல் எழுந்து வந்திருக்கலாம். "ரஷ்யாவுல, டான் ஆத்தங்கரை மண்ணா மாமா?" என்று கேட்டாள்.

"டான்லேருந்து தப்பிச்சு வந்தவங்கதான் நாங்க. உக்ரைனுக்கு வந்தப்புறம் எங்களை ஜெர்மன்காரன் கையில கொடுத்துட்டாங்க. காட்டுல ஒளிஞ்சவனைத் தேடும்பான், ஊரைக் கொளுத்தும்பான். நாங்க செஞ்சோம்."

"தாத்தாவுமா?"

கிழவர் தன் கோப்பையில் சாராயம் ஊற்றிக் குடித்தார். பிறகு பழத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அங்க ஒரு வைக்கோல் கொட்டகை. பட்டாளத்துக்குக் கட்டாய வேலை செய்ய இழுத்துட்டு வந்த யூதப் பசங்க, டைபஸ் காய்ச்சல் கண்டவங்க, அதுல கிடந்தாங்க. எல்லாம் நம்ம நாட்டுப் பசங்கதான். கொளுத்திடுங்கன்னு ஜெர்மன் அதிகாரி சொன்னான்."

"வேற வழி இல்லாமத்தானே…"

"யாரு போறீங்கன்னுதான் கேட்டாங்க. வெண்டெல் போனான். கதவுக்கு வெளியில கட்டை போட்டான். உள்ளேருந்து ஒருத்தன், 'வெண்டெல் மாமா, நான்தான் எர்வின், மருந்துக்கடை எர்வின்'னு கத்தினான். உங்க ஊருப் பையன்."

"தாத்தா என்ன சொன்னாரு?"

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கேட்டான்."

கிழவர் நிறுத்தவில்லை, இத்தனை காலம் யாரும் கேட்காமல் இருந்தது அவருக்கு. அதே காய்ச்சல் வெண்டெலையும் கொண்டுபோனதாம். நிலம் பனியில் இறுகிக் கிடந்ததால் புதுக் குழி வெட்ட முடியவில்லையாம். "அந்தப் பசங்களுக்குத் தோண்டின குழி பாதி திறந்து கிடந்துச்சு. அதுலயே இவனையும் போட்டோம்" என்றார்.

எர்வினின் அக்கா லீவியா பக்கத்து டவுனில் தனியாக இருந்தாள். அந்தக் குடும்பத்தில் ஜெர்மன்காரனின் வதை முகாமிலிருந்து அவள் ஒருத்திதான் உயிரோடு மீண்டவள். ஊர்ப் பெண் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்து வயதானவள். இபோயா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். மண்ணில் பாதி லீவியாவுக்குச் சேர வேண்டியது. இன்னொரு பாட்டிலைக் கழுவித் துடைத்து, சரிபாதியாகப் பிரித்து, வெள்ளைத் துணியில் கட்டிக்கொண்டு போனாள். மண்ணைப் பங்கு போட்டுக்கொள்வது அந்த ஊர்ப்பக்கத்துப் பெரிய மரியாதை. செய்ய வேண்டியதைச் செய்கிறோம் என்று மனதுக்குள் லேசான பெருமைகூட இருந்தது அவளுக்கு, பாவி.

லீவியா முழுவதையும் கேட்டாள். அழவில்லை. துணியை அவிழ்த்து, பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது யாரு?"

"உங்க தம்பி இருக்கற மண்ணு, அத்தை."

"என் தம்பி மட்டுமா?"

இபோயா அவிழ்ந்து கிடந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"சலிச்சுக் கொண்டு வா. எர்வின் எது, கதவைச் சாத்தினவன் எதுன்னு சலிச்சுக் கொண்டு வந்தா வாங்கிக்கறேன்."

"அத்தை, எங்கம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. சாகக் கிடக்கறாங்க. மீதிப் பாதியை அவங்க பெட்டியில…"

"வைக்காதே." லீவியாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "அவன்கூட ஐம்பது வருஷம் ஒரே குழியில கிடந்தது போதாதா? இப்ப அவன் மகளோட, சிலுவைக்குக் கீழ, என் தம்பியைக் கொண்டுபோய்ப் படுக்க வைக்கப் போறியா?"

"அப்ப இதை நான் என்னதான் செய்யட்டும்?"

"எனக்கெப்படித் தெரியும்? அள்ளினவனைக் கேளு."

காஷ்பாரிடம் மறுபடி போக இபோயாவுக்குத் தெம்பில்லை. ஆற்றில் கரைக்கலாமா என்றால் அதற்கும் கை வரவில்லை. அதுவும் அந்தப் பையன்தானே. இரண்டு பாட்டிலையும் சமையலறை அலமாரியின் மேல்தட்டில், மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அம்மாவின் கட்டிலிலிருந்து பார்த்தால் அந்த அலமாரி தெரியும். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் போய் நின்றாள். எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்த உடம்பிடம் கொட்டகையையும் கட்டையையும் எப்படிச் சொல்வது?

பனி விழத் தொடங்கிய வாரத்தில் யுஸ்தினா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"அப்பா கிடைச்சாரா?"

"இல்லம்மா."

"நல்லாத் தேடினியா?"

"தேடினேம்மா."

யுஸ்தினா மகளின் முகத்தையே பார்த்தாள். சிறு வயதிலிருந்தே இபோயாவுக்குப் பொய் சொல்ல வராது.

"நீ தேடலடி. உனக்கு முகம் தெரியாத ஆளு, உனக்கென்ன வந்துச்சு. எங்கப்பா என்னைத் தோள்ல தூக்கிட்டுச் சந்தைக்குப் போவாரு."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் மகளோடு பேசவில்லை.