காக்காய் வைத்த விலை

சகாயராணிக்கு அந்த ஆள் யாரென்று தெரிந்தாக வேண்டியிருந்தது. கோபமும் உண்டுதான். ஆனால் கோபத்தைவிட ஆர்வமே பெரிதாக இருந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மறக்கும் அளவுக்கு அவளைப் பிடித்து ஆட்டியது.

விஷயம் கைப்பேசி விளையாட்டு ஒன்றைப் பற்றியது. தீவுதீவாகப் போய் மரத்தைக் கீறி, நீலப்பிசின் எடுத்து, சந்தையில் மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்கலாம். கிடைக்கிற காசு விளையாட்டுக் காசு; வெளியே ஒரு வடாபாவுக்குக்கூட ஆகாது. ஆனால் வாரத்தில் பிசின் விற்று அதிகம் சம்பாதித்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை சந்தையின் வாசல் கடை கிடைக்கும். பதினோரு மாதமாக அது 'கடல்காக்கை' என்ற பெயரில் ராணியிடம்தான் இருந்தது.

இதிலென்ன பெருமை என்று கேட்பவர்கள் தாராவியில் அவள் வேலை செய்கிற கடையைப் பார்க்க வேண்டும். பெல்ட்டும் பையும் விற்கிற தோல்சாமான் கடை. முதலாளி தனசீலன், அவள் கணவனின் அண்ணன். ராணி பில் போடலாம், தூசி தட்டலாம், பையைத் திறந்து உள்ளே ஜிப் எத்தனை என்று காட்டலாம். விலை மட்டும் சொல்லக் கூடாது. யாராவது "கித்னா?" என்று விலை கேட்டால், சேட் சொல்வார் என்று கல்லாவைக் கைகாட்ட வேண்டும். எட்டு வருடமாக இதுதான் சட்டம். அவள் ஒரு விலை வைத்து, அந்த விலைக்குச் சரக்கு போகிற இடம் இந்த உலகத்தில் அந்த வாசல் கடை ஒன்றுதான். அதைத்தான் இப்போது ஒருவன் பிடுங்கப் பார்த்தான்.

அவன் பெயர் 'கேப்டன் 51'. சந்தைப் பலகையில் குறைந்த விலைதான் மேலே நிற்கும். ஒருவன் ஐந்நூறு போட்டால் அடுத்தவன் நானூற்றுத் தொண்ணூற்றொன்பது போடுவான். அவனுக்கு அடுத்தவன் இன்னொரு காசு குறைப்பான். ராணி இந்தச் சில்லறைச் சண்டையில் இறங்குவதே இல்லை. மலிவாக வந்ததையெல்லாம் சத்தமில்லாமல் வாங்கிப்போட்டு, பலகை காலியானதும் தன் விலையை வைப்பாள். கேப்டனிடம் அது பலிக்கவில்லை. மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து ஒரேயடியாக ஐம்பது குறைத்தான். வேடிக்கை என்னவென்றால், குறைத்த பிறகு ஒன்று கூட்டினான். 451. அப்புறம் 401. ஒருநாளும் சைபரில் முடித்ததில்லை.

விலையைக் குறைக்க வந்தவன் எதற்கு ஒன்றைக் கூட்டுகிறான்? செம்பூரிலிருந்து பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதே யோசனை. மொய்க்கவரில் நூற்றொன்று வைக்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். அப்படி வைப்பவர்கள் பம்பாய் முழுக்க இருக்கிறார்கள், எல்லா பாஷையிலும் இருக்கிறார்கள். ஆனால் விலையிலும் அப்படி ராசி பார்க்கிறவன் கடைக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

கடைக்காரன் என்றால் போணியும் பார்ப்பான். நாளின் முதல் வியாபாரத்தைத் தட்டிக்கழித்தால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான் என்று நம்புவான். சந்தையில் பேரம் கேட்கவும் ஒரு பொத்தான் இருந்தது. புதன் மத்தியானம் பேங்க் வரிசையில் நின்றபடி, 401 போட்டிருந்த சரக்கை நூற்றைம்பதுக்குக் கேட்டாள். மறுத்துவிட்டான். வியாழன் காலை, கடைகள் திறக்கிற நேரமாகப் பார்த்து பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அதே நூற்றைம்பதுக்குக் கேட்டாள். கொடுத்துவிட்டான். வெள்ளி காலையிலும் கொடுத்தான். சாயங்காலம் திரும்பும்போது கேட்டால் மறுத்தான். ராணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பக்கத்தில் நின்றவள் சற்றுத் தள்ளி நின்றுகொண்டாள்.

சனிக்கிழமை கேப்டன் மிச்சமிருந்த அறுநூறு பிசினையும் ஒரே லாட்டாகப் போட்டிருந்தான். அது நல்ல விலைக்குப் போனால் வாசல் கடை அவனுக்கு. அடிமாட்டு விலைக்குப் போனால், அதை வாங்கி விற்கிறவளுக்கு. அன்று ராணி சீக்கிரமே கடைக்கு வந்தாள். ஷட்டர் ஏறியதும் பைகள் தொங்குகிற மூலைக்குப் போய், அறுநூற்றையும் மூன்றிலொரு பங்கு விலைக்குக் கேட்டாள்.

கல்லாவில் டிங் என்று சத்தம் கேட்டது.

தனசீலன் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். "நாசமாப் போற காக்கா" என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தவர், பெருமூச்சு விட்டு, திரையில் ஒரு அழுத்து அழுத்தினார். பிறகு முதல் நோட்டைக் கண்ணில் ஒற்றுவதுபோலக் கைப்பேசியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். ராணியின் கைப்பேசியில் அறுநூறு பிசினும் வந்து இறங்கியது. அவள் தேடிய கேப்டன் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார்.

"என்னாச்சு அத்தான்?"

"ஒண்ணுமில்ல ராணி, ஒரு கேம். அதுல காக்காப்பய ஒருத்தன் இருக்கான். மத்தவனுவ ஒவ்வொரு பைசாவாக் கொறச்சிக்கிட்டுக் கெடப்பானுவ, இவன் அசைய மாட்டான். எத எப்போ வாங்கணும், எப்போ விக்கணும், எல்லாம் அத்துப்படி. இன்னைக்கி என் போணியிலயே வந்து கைய வச்சிட்டான்." கோபமாகத்தான் ஆரம்பித்தார், போகப்போகக் குரலில் மரியாதை ஏறிவிட்டது. "இப்படி வெல வைக்கத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் நம்ம கடையில இருந்தாம்னா, நான் எங்கயோ போயிருப்பேன்."

வாயை மூடிக்கொண்டிருந்தால் வாசல் கடை பத்திரமாக இருக்கும். ஆனால் இந்தப் பேச்சைக் கேட்டபிறகு மூடிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. கைப்பேசியை அவர் முன்னால் நீட்டினாள்.

"அந்தக் காக்கா நான்தான் அத்தான்."

பெயரை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

"சரக்கத் திருப்பித் தந்துரட்டுமா?" என்றாள்.

"போணிய யாராவது திருப்பி வாங்குவாவளா? வச்சிக்கோ." நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எட்டு வருசமா எங்கூட நிக்க. வெல வைக்கத் தெரியும்னு ஒரு வார்த்த சொல்லலியே."

"நீங்க ஒருநாளும் கேக்கலியே அத்தான்."

ஒரு பெண் படியேறி வந்தாள், பழுப்பு நிறப் பை ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கித்னா?" என்றாள். தனசீலன் எதையோ தேடுகிறவர்போல மேசைக்கு அடியில் குனிந்தார். அங்கே தேட ஒன்றுமில்லை என்பது ராணிக்குத் தெரியும். அவள் விலை சொன்னாள், பேரம் பேசினாள், ஐம்பது ரூபாய் விட்டுக்கொடுத்தாள், பையைக் கவரில் போட்டுக் கொடுத்தாள். அதுவரைக்கும் அவர் நிமிரவே இல்லை.