ஒத்துக்கொண்ட வைரம்

1982இல் உடையப்பன் ஈப்போ நகராண்மைக் கழகத்தில் மண்டோர் ஆனார். பதினெட்டுப் பேர் அவர் சொன்ன இடத்தில் சாக்கடை அள்ளினார்கள். ஆகவே கோயில் தலைவராகும் தகுதியும் தமக்கு வந்துவிட்டதென்று அவரே முடிவு செய்துகொண்டார். தலைவர் மனைவி வெறும் விரலோடு முன்வரிசையில் உட்காரலாமா? அவர்களுடைய புந்தோங் வீட்டுக்குள் மூன்று கல் வைர மோதிரம் நுழைந்தது இப்படித்தான்.

"நடுக்கல்லு இன்னிக்கு. இந்தப் பக்கம் நேத்து, அந்தப் பக்கம் நாளைக்கு. நகைக்கடை அர்ச்சுனன் சொன்னாரு" என்று, மைக் முன்னால் நிற்பவர்போல் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினார்.

"நேத்துக்கு எதுக்குங்க வைரம்? கோப்பெங் தோட்டத்துல இருட்டோட பெரட்டுக்குப் பேரு குடுக்க ஓடுனதுக்கா?" என்றாள் மனைவி வீரம்மா.

"ஒனக்குத் தத்துவம் வெளங்காது லா."

தத்துவம் விளங்கவில்லைதான். மோதிரம் பிடித்துப்போயிற்று. ரப்பர் பால்மரம் சீவும் கத்தி பிடித்துக் காய்த்த விரல். கணுவைத் தாண்டச் சோப்பு போட வேண்டியிருந்தது. தாண்டியபின், அரிசி களையும் தண்ணீருக்குள் மூன்று பொறிகள் மினுங்கின. வீரம்மா அதே அரிசியை நான்கு தடவை களைந்தாள்.

ஒரே ஒரு கண்டம் இருந்தது. வைரம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. மூன்று நாள் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். கெட்டது நடந்தால் திருப்பிவிடலாம் என்று சொல்லித்தான் அர்ச்சுனனும் கொடுத்திருந்தார்.

"சின்னதா ஏதாச்சும் நடந்தாலும் சரி, மோதிரம் கடைக்குப் போயிரும்" என்றார் உடையப்பன்.

முதல் நாள் சோறு அடிப்பிடித்துக் கரியானது. வீரம்மா அதைப் புதைத்துவிட்டு மறுபடி உலை வைத்தாள். இரண்டாம் நாள் பக்கத்துவீட்டு நாய் சிவப்புக் கோழியைக் கவ்விக்கொண்டு போனது.

"கோழி எங்க?"

"அடை காக்குதுங்க."

சேவல் மட்டும் வேலியோரம் அநாதையாக நின்றது. உடையப்பன் அதைக் கவனிக்கவில்லை. மறுநாள் கோயில் தேர்தலுக்கு ஏற்புரை எழுதிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் வீரம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் கணுக்கால் பப்பாளிக்காய்போல் வீங்கியது. அந்தக் காலோடு வேலியைப் பிடித்து நின்றபோதுதான் அடுத்த வீட்டுச் செல்லாயி வந்தாள்.

"அக்கா, சேதி தெரியுமா? கோயில்ல ஒங்க வீட்டுக்காரருக்கு நாலே ஓட்டு. அதுல ஒண்ணு அவரே போட்டது."

வீரம்மாவுக்குக் கால் வலி மறந்தது. இதைவிடப் பெரிய கெட்டது அந்த வீட்டில் இனி நடக்க முடியாது. விரலைப் பார்த்தாள். மோதிரத்தைக் கழற்றச் சோப்பை எடுத்து வைத்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் உடையப்பன் வந்தார். வெற்றி மாலை விழுமென்று திறந்து வைத்திருந்த சட்டைக் கழுத்து இப்போது பொத்தான் போட்டிருந்தது.

"கோயில்ல என்னாங்க ஆச்சு?"

"கூட்டத்த ஒத்தி வெச்சிட்டாங்க." சொல்லிவிட்டுக் குனிந்தவர் கண்ணில் அவள் கால் பட்டது. "என்னா இது?"

"கொசு கடிச்சிருச்சு."

"பெரிய கொசுதான்" என்றார். தைலப் புட்டியை எடுத்துவந்து, உட்கார்ந்து, தேய்த்துவிட்டார். அந்த வீட்டில் இதுவரை நடக்காத காரியம் அது.

நான்காம் நாள் இருவரும் கடைக்குப் போனார்கள். வீரம்மா அவர் தோளைப் பிடித்து நொண்டினாள். அர்ச்சுனன் மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே, கல்லு எப்படி? வீட்டுல ஏதும்..."

"அமோகமா இருக்கு" என்றார் உடையப்பன். "மூணு நாளும் நல்ல சேதியாவே வருது. நீங்க ரசீத எழுதுங்க."