கண்ணுக்குள் ஒரு மடை

விடியலின் வெண்மை இன்னும் நிறம் கொள்ளாத வேளையில், ஆற்றின் இரு கரைகளிலும் கைநீட்டிப் படுத்திருந்த அந்நகரம், மூடுபனிப் போர்வையை மெல்ல விலக்கி ஒவ்வோர் உறுப்பாக விழித்துக்கொண்டிருந்தது. ஆலைப் புகைபோக்கிகள் நெட்டுயிர்த்தன. பாலத்தின்மேல் முதற்பேருந்துகள், தூக்கம் கலையாத யானைகளெனத் தயங்கித் தயங்கி ஊர்ந்தன. மேட்டுநிலத்தில் நிமிர்ந்து நின்ற பல்கலைக்கழகத்தின் சாளரங்களெல்லாம் இருண்டு கிடக்க, ஒன்றிலிருந்து மட்டும் தேன்நிற ஒளி கசிந்தது. கற்றறிந்தோரே, வெள்ளொளி பட்டால் கெட்டுப்போகும் நுண்பூச்சுகளைக் கையாளும் அறைக்கு அந்நிறமே ஏற்றது. அவ்வறையினுள், உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளுடை போர்த்து, இரு கண்களே வெளித்தெரிய, உருப்பெருக்கியின்மேல் குனிந்திருந்தார் ஓர் அம்மையார். நுண்பொறியியற் பேராசிரியரான அவரை உடன்பணியாற்றுவோர் ‘எறும்புக்கு லாடம் கட்டுபவர்’ என்று முதுகுக்குப் பின்னே கூறி நகைப்பர். அவர் காதில் விழுந்தாலும் அவர் சினந்ததில்லை, ஏனெனில் அது பெரும்பாலும் உண்மை.

கண் என்பது ஒரு சிற்றேரி. உள்ளூற்று ஓயாது சுரக்க, கழிவாய் வழியே நீரும் ஓயாது வடிதல் வேண்டும். வாய் அடைபட்டாலோ, தேங்கிய நீர் கரையை நெருக்குவதுபோல் பார்வை நரம்பை நெருக்கி, ஓரங்களிலிருந்து உள்நோக்கிக் காட்சியைத் தின்றுகொண்டே வரும். அந்நீரை அளவறிந்து வடிக்க, மயிரினும் மெல்லிய குழலொன்றை அமைத்து, அதன் வாயில் அழுத்தம் மிகுந்தால் திறந்து குறைந்தால் மூடும் நாவொன்றைப் பொருத்தி, அதனை ‘மடை’ என்று அழைத்தார் அவர். முதல் மடை ஆய்வுமேசையில் திறந்து மூடிய நாளில் பாராட்டுகள் பெருகின, பரிசுகள் வந்தன, அயல்நாட்டு அவைகள் அழைத்தன. அவரோ, புகழ் பழுத்த அப்பொழுதில், தேன்நிற அறையை நீங்கி, முற்றத்துக்கு அப்பால் எண்ணெய் மணமும் இரும்பொலியும் நிறைந்த ஆக்கக்கூடத்துக்குத் தம் ஆய்வை மாற்றத் துணிந்தார். துறைத் தலைவருக்கு அது விளங்கவில்லை.

“ஒண்ணு செஞ்சு காட்டியாச்சு. நம்ம வேலை அதோட முடிஞ்சுது. ஆயிரம் செய்யறது பட்டறைக்காரங்க பாடு. நீங்க ஏன் அங்க போய்க் கையைக் கரியாக்கிக்கறீங்க?”

“ஒண்ணா இருந்தா வேடிக்கைதான் பார்க்கலாம் சார். ஆயிரமா இருந்தாத்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடியும். என் கையால செய்யறது பத்தும் பத்து மாதிரி இருக்கு.”

அங்ஙனம் முற்றம் கடந்தவரை, வெற்றி வாயிலில் நின்று வரவேற்கவில்லை. உருக்கிய பொருளை எஃகு அச்சில் வார்த்தால், குழல் குறையின்றி அமையும். அச்சிலிருந்து பிரித்தெடுக்கும் நொடியில், ஈயின் இறகினும் மெல்லிய நா அறுந்துபோகும். வெப்பத்தை மாற்றினார், பொருளை மாற்றினார், அச்சின் முகத்துக்கு மெருகேற்றினார். மடைகள் நாவறுந்தே பிறந்தன. பரிசளித்தோர் மெல்ல அவரை மறந்தனர்.

அக்காலத்தில்தான் அவருடைய தம்பிக்கு அந்தக் கண்ணழுத்த நோய் கண்டது. அவன் நகரப் பேருந்து ஓட்டுநர். ஏறுவோர் எல்லாரிடமும் ஒரு சொல்லேனும் பேசாமல் வண்டியை நகர்த்தாதவன். ஒருநாள் தெருமுனை மின்கம்பத்தில் வண்டியின் பக்கக் கண்ணாடியை உரசி உடைத்துவிட்டு, “கம்பம் நேத்து வரைக்கும் அங்க இல்லக்கா” என்று சிரித்தான். மருத்துவர் ஓரப்பார்வையை அளந்தபோது அச்சிரிப்பு அடங்கிற்று. மருந்துத்துளிகள் பயன் தரவில்லை. ஒரு நண்பகலில், பொறிகளின் இரைச்சலுக்கிடையே, கவிழ்த்துவைத்த பெட்டியொன்றின்மேல் அமர்ந்து அவன் கேட்டான்:

“ஊருக்கெல்லாம் செய்யப் போறியாம். உன் தம்பிக்கு ஒண்ணு கிடையாதா?”

“அது இன்னும் மனுஷங்களுக்கு வெக்கற நிலைமைக்கு வரலடா.”

“முயலுக்கு வெச்சியே?”

“வெச்சதுல ஒண்ணுக்குத் திறந்த நாக்கு மூடவே இல்ல. கண்ணு வத்திப் போச்சு.”

“மத்ததெல்லாம் நல்லா இருந்துதில்ல? நான் அதுல ஒண்ணா இருந்துட்டுப் போறேன்.”

“எது நல்லது, எது கெட்டதுன்னு வெக்கறதுக்கு முன்னாடி எனக்கே தெரியாதேடா!”

அறுவை மருத்துவரோ, வேறு வழி குறுகியவர்க்கென விதிகள் விட்டுவைத்த சிறு வாயிலைச் சுட்டி, “நீங்க சரின்னு சொன்னா வெக்கறேன்” என்று முடிவை அவரிடமே விட்டார். கண்ணாடிப் பேழையில், கையாற் செய்தவற்றுள் எல்லாச் சோதனையிலும் தேறிய மடையொன்று இருந்தது. அதனை இடுக்கியால் எடுத்து ஒளியில் நெடுநேரம் நோக்கினார். ஒரே வயிற்றில் பிறந்தவன் என்னும் பாசம் ஒருபுறம் இழுக்க, அறியாததை அறிந்ததாகக் கூறலாகாது என்னும் உறுதி மறுபுறம் இழுக்க, இடையில் மடை இடுக்கிமுனையிலேயே நின்றது. பின்னர் அதனைப் பேழையிலேயே வைத்துவிட்டு, மருத்துவரிடம் வேண்டாம் என்றார்.

பழைய முறைப்படி அறுவை நிகழ்ந்தது. நீர் வடிய வெட்டிய வழியைத் தழும்பு மூடிக்கொண்டது. தம்பியின் வலக்கண் இருண்டது. வண்டியை இழந்தவன் பணிமனையில் பயணிகள் தவறவிட்ட குடைகளையும் பைகளையும் காக்கும் அறைக்கு அனுப்பப்பட்டான். அக்காளுடன் பேச்சை நிறுத்தினான். தொலைபேசியில் தம்பி மனைவியின் குரல் மட்டும் வரும்: “நல்லா இருக்கார் அண்ணி. பேசச் சொன்னா எழுந்து போயிடறார். நான் என்ன செய்யட்டும்?” பேராசிரியர் வேறொன்றும் செய்யத் தோன்றாமல், கொடாது வைத்த அம்மடையை ஆய்வுமேசைக் குழாயொன்றில் பொருத்தி நீரோடச் செய்தார். மாதங்கள் கழிந்தன, ஆண்டும் கழிந்தது. அது பிழையின்றித் திறந்தது, பிழையின்றி மூடியது. அதை நிறுத்தவும் அவருக்கு மனம் வரவில்லை. பார்க்கவும் மனம் வரவில்லை.

விடை, தேடிய இடத்தில் இல்லாமல் கைவிரலில் இருந்தது. சூடுபட்ட விரலின் தோல் உரிந்துவந்த ஒரு காலையில், மெல்லியதைக் கடினத்திலிருந்து பிடுங்குவதற்கு மாறாக, அச்சையே மென்மையாக்கி அதனைத் தோல்போல் ஓரத்திலிருந்து உரித்தால் என்னவென்று எண்ணினார். உரித்தார். நா அறவில்லை. மறுநாள் வார்த்தவற்றிலும் அறவில்லை. ஒன்றுபோல் ஒன்றாய், ஒரே அழுத்தத்தில் திறந்து ஒரே அழுத்தத்தில் மூடும் மடைகள் தட்டுத் தட்டாகப் பிறந்தன. முயல்களிலும், பின்னர் முன்வந்த மனிதர்களிலும் நெடிதாய்ந்த பின்னரே அவை மருத்துவமனைகளை அடைந்தன.

தம்பியின் இடக்கண்ணிலும் அழுத்தம் ஏறியபோது, அவன் அக்காளிடம் சொல்லவில்லை. மற்றவர்களைப்போல் வரிசையில் நின்று, தன் முறை வந்தபோது மடையைப் பெற்றான். தம்பி மனைவி சொல்லக் கேட்டு மருத்துவமனைக்கு விரைந்த பேராசிரியர், கட்டவிழ்த்த கண்ணோடு சாளரத்தருகே அமர்ந்திருந்தவனைக் கண்டு வாயிலிலேயே நின்றார்.

“வா. ஏன் நிக்கறே? இது உன் மடைதானாம்.”

“ஆமா.”

“அன்னிக்கு அந்த ஒண்ணை வெச்சிருந்தா, இந்தக் கண்ணும் பிழைச்சிருக்குமா?” என்று இருண்ட கண்ணைத் தொட்டுக் காட்டினான்.

தெரியாது என்னும் சொல் அவர் நாநுனிவரை வந்தது. அது பாதி உண்மையுங்கூட.

“மேசை மேல இன்னிக்கு வரைக்கும் ஓடிட்டிருக்குடா. அனேகமாப் பிழைச்சிருக்கும்.”

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தெரியாதுன்னே சொல்லியிருக்கலாம். உனக்குப் பொய்யே வராதாக்கா?” என்றவன், சாளரத்துக்கு வெளியே நோக்கியபடி தொடர்ந்தான். “அந்தக் கோபம் போகலை. போகும்னும் தோணலை. ஆனா இந்தக் கண்ணுல இருக்கறதை நம்பித் தூங்கறேன்னா, அது அன்னிக்கு நிச்சயமில்லாததை நீ வேண்டாம்னு சொன்னதாலதான்.”

படியிறங்கும்போது அவன் அவரை இருண்ட கண்ணின் பக்கம் வரச்சொல்லி, தோளைப் பற்றிக்கொண்டான். படி முடியும் இடத்தை மட்டும் அவர் மெல்லச் சொன்னார். ஒளி காத்த கண்கள் ஊர்தோறும் பெருகினும், காவாது விட்ட ஒரு கண் அப்பெருக்கத்தில் கரைந்துபோவதில்லை. நேர்மை சில வேளைகளில் வேண்டியவரிடமே விலை கேட்கும். நேர்மை காத்தவர் அதனைப் பெருமையாகப் பேசார், விலை கொடுக்க நேர்ந்தவரும் முற்ற மறவார். இருவரும் அதனைத் தாங்கியபடியே வெயிலினூடே தெருவைக் கடந்து சென்றனர்.