எண் பார்க்காத தகப்பன்

காலை எட்டு மணிக்கு, கடை திறக்கும் முன்பே தொலைபேசி அடித்தது. துப்பாக்கிகளின் தடம் பார்க்கும் மத்திய அலுவலகத்திலிருந்து ஒரு பெண். தயாரித்த கம்பெனியின் பெயரையும் ஓர் எண்ணையும் சொன்னாள். இருபது வருடங்களுக்கு முன் அந்தத் துப்பாக்கி வெர்னாவின் கடைக்கு வந்திருந்தது. அதை யாருக்கு விற்றார்கள் என்று இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும்.

"அது எங்க கிடைச்சுது?" என்று வெர்னா கேட்டாள்.

"அதைச் சொல்றதுக்கில்ல, மேடம்."

"யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

"எண்ணை ஒரு தடவை திருப்பிச் சொல்றீங்களா?"

திருப்பிச் சொன்னாள். கடைசி நான்கு இலக்கம் 0611. எழுதிய சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாள். பழைய பதிவேடுகள் பின்னறையில் இரும்பு அலமாரியில் இருந்தன. வெளியே அதற்குள் பதினோரு வண்டிகள் நின்றன. கூட்டம் ஓயட்டும், பிறகு பார்க்கலாம் என்று கதவைத் திறந்தாள்.

அன்றுதான் கடைசி நாள். மலைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் மாநிலத் தலைநகரில் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார்கள். நள்ளிரவுக்கு மேல் ராணுவப் பாணித் துப்பாக்கிகளை விற்கக் கூடாது. ஏற்கெனவே கையில் இருப்பதை வைத்துக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். அதனால் இன்னும் பல் முளைக்காத பிள்ளைகளுக்கெல்லாம் தகப்பன்மார் வரிசையில் நின்றார்கள்.

அவர்கள் வாங்கியது முழுத் துப்பாக்கி அல்ல, லோயர் மட்டும். உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய அலுமினியக் கூடு. குழலும் கிடையாது, விசையும் கிடையாது. ஆனால் எண் பொறித்த துண்டு அது ஒன்றுதான். சட்டத்தின் கண்ணுக்கு அதுதான் துப்பாக்கி. அது வீட்டுக்குப் போய், பிள்ளையின் பெயர் எழுதிய பிளாஸ்டிக் பெட்டியில் உட்காரும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பாகம் சேரும். பதினெட்டு வயதில் தகப்பனும் பிள்ளையும் சமையலறை மேசையில் வைத்துப் பாகங்களை இணைத்து முழுத் துப்பாக்கியாகப் பூட்டுவார்கள். இந்த மாவட்டத்தில் அது வழக்கம்.

எண்ணைப் பொறுக்குவதும் வழக்கம். பிள்ளை பிறந்த மாதமும் தேதியும், இல்லாவிட்டால் பிறந்த வருடம், அதுவும் இல்லாவிட்டால் கால்பந்துச் சட்டையின் எண். அரிசியில் கல் பார்ப்பதுபோல ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்ப்பார்கள். ஒருவன் பெட்டிகளைப் படமெடுத்து மனைவிக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்காக அரை மணி நேரம் நின்றான். வெர்னா பொறுத்துக்கொண்டாள். அவளுடைய கணவன் லாயிட் இருந்த காலத்திலிருந்து அப்படித்தான்.

ஓரினும் அந்தக் காலத்து ஆள்தான். கோதுமை நிலத்தை இப்போது மூத்த மகன் பார்க்கிறான். ஓரின் முப்பது வருடமாகக் கடையின் காபிப் பானைக்குப் பக்கத்து நாற்காலியைப் பிடித்துவைத்திருந்தார். மூத்தவனின் மகள் டெஸ்ஸாவுக்காக ஒரு பெட்டியை ஒதுக்கிவைக்கச் சொல்லியிருந்தார். அது வெர்னாவுக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. 0922.

அன்று முழுவதும் வெர்னா ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். இவனா? இவன் அண்ணனா? பையில் இருந்த சீட்டு நெஞ்சில் உறுத்தியது.

மூன்று மணிக்கு ஒருவன் வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். சேறு படாத பூட்ஸ். பெயர் ஹாலிஸ் என்றான். அவள் அவனை அதற்கு முன் பார்த்ததில்லை.

"லோயர் நாலு வேணும், மேடம்."

"நாலா?"

"நாலு பிள்ளைங்க."

அவள் பத்துப் பெட்டிகளை எடுத்து மேசைமேல் திறந்துவைத்தாள். "பாத்து எடுத்துக்கோங்க."

அவன் கைக்கு எட்டிய நான்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "இது போதும்."

வெர்னா அவன் விரல்களைப் பார்த்தாள். அவை எந்தப் பெட்டிக்குள்ளும் போகவில்லை.

"எண் பாக்கலையா?"

"எண்ணுல என்ன இருக்கு? எல்லாம் ஒரே சாமான்தானே."

காபிப் பானைப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. ஓரின் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

"எந்த ஊரு, தம்பி?"

"புதுசா வந்திருக்கோம். ஆத்துப் பாலத்துக்கு அந்தாண்ட."

"அந்தாண்ட யாரோட இடம்?"

"வாடகைக்கு."

"வாடகைக்கா. சரி சரி." ஓரின் காபியை உறிஞ்சினார். சரி என்று அவர் இரண்டு தடவை சொன்னால் சரியில்லை என்று பொருள்.

வெர்னா படிவத்தை நீட்டவில்லை. கையின் கீழேயே வைத்திருந்தாள். "பிள்ளைங்க பேரு என்ன?"

"அதெல்லாம் படிவத்துல கேக்குறாங்களா?"

"நான் கேக்குறேன்."

அவன் சிரித்தான். "ஆடா. ரூபன். ஹேசல்." பேச்சை நிறுத்தினான். "நாலாவது இன்னும் பொறக்கல. ஆகஸ்ட்ல."

"ஆடா எப்போ பொறந்தா?"

"மார்ச்ல."

"மார்ச்ல எத்தனை?"

"அதெல்லாம் என் பொண்டாட்டிக்குத்தான் தெரியும், மேடம்."

ஓரின் தொடையில் தட்டிச் சிரித்தார். "என் பொண்டாட்டி பொறந்த நாளை நான் மறந்திருக்கேன், தம்பி. கல்யாண நாளையும் மறந்து கொட்டகையில படுத்திருக்கேன். பிள்ளைங்க நாளை மறந்ததில்ல. என் சின்னவன் எமெட்டுக்கு வாங்க இதே மேசைக்குத்தான் வந்தேன். அவனுக்கு அப்போ ரெண்டு வயசு. லாயிட் பாவம், கிடங்குல இருந்த அத்தனை பெட்டியையும் எறக்கினான். ஆறு, பதினொண்ணு. ஜூன் பதினொண்ணு. கிடைக்கிற வரைக்கும் நான் நகரலையே! தகப்பன்னா அப்படி இருக்கணும்."

வெர்னாவின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சீட்டை எடுக்கவில்லை. 0611 என்பதை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

"எமெட் அதைப் பூட்டிட்டானா?" என்று கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"பதினெட்டு முடிஞ்ச அன்னிக்கே. எங்க சமையலறையில."

"இப்போ எங்க வச்சிருக்கான்?"

"அவன்கூடத்தான் இருக்கும். பாய்ஸி நகரத்துல கூரை வேலை பாக்குறான்ல." ஓரின் குவளைக்குள் பார்த்தார். "மூணு வாரமா போனை எடுக்க மாட்டேங்குறான். அந்த வயசுல நாம மட்டும் எடுத்தோமா? நம்ம காலத்துல போனே இல்ல, அது வேற." தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டார்.

மூன்று வாரம். வெர்னா அதை மனத்தில் ஒரு தடவை சொல்லிப்பார்த்தாள். துப்பாக்கி திருடு போயிருக்கலாம். அவன் யாருக்காவது விற்றிருக்கலாம். அல்லது அவனே ஏதாவது செய்திருக்கலாம். தொலைபேசியில் பேசியவளுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டாள்.

"மேடம்." ஹாலிஸ் இப்போது பெட்டிகளின் மேல் குனிந்திருந்தான். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான். ஒன்றைத் தூக்கிக் காட்டினான். "இதோ. 0309. மார்ச் ஒம்பது. ஆடா."

"இப்பத்தான தெரியாதுன்னீங்க?"

"பாத்ததும் ஞாபகம் வந்துடுச்சு."

இருக்கலாம். எண்ணைக் கண்டதும் தேதி ஞாபகம் வருகிற தகப்பன்கள் உண்டு. ஓரின் சொன்னதைக் கேட்டு அந்த நிமிடமே கற்றுக்கொள்கிறவர்களும் உண்டு. வெர்னா அவன் கண்ணைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இருபது வருடங்களுக்கு முன் ஓரினின் கண்ணில் லாயிட் எதைப் பார்த்திருப்பான்? ஒரு நல்ல தகப்பனைப் பார்த்திருப்பான். சரியாகத்தான் பார்த்திருப்பான்.

அவள் 0309-ஐ அவன் கையிலிருந்து வாங்கி மூடினாள். மற்ற மூன்றையும் மூடினாள்.

"இன்னிக்கு முடியாது."

"ஏன்?"

"என் கடை. முடியாதுன்னா முடியாது."

"நாளைக்கு வர முடியாது, மேடம். சட்டம் உங்களுக்கே தெரியும். நாலு பிள்ளைங்க."

"தெரியும்."

அவன் கோபப்படவில்லை. அதையும் அவள் சந்தேகப்பட்டாள். கோபப்பட்டிருந்தால் அதையும் சந்தேகப்பட்டிருப்பாள். அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனான். வண்டி திரும்பும்போது பின்னிருக்கையில் குழந்தை நாற்காலி தெரிந்தது. ஒன்றா, இரண்டா, மூன்றா, கணக்குப் பிடிபடவில்லை. கண்ணாடி கறுப்பு.

"உனக்கு மோப்பம் பிடிக்கிற மூக்கு, வெர்னா," என்றார் ஓரின். "எண்ணே பாக்கல பாரு! நாலையும் இந்நேரம் வேற எவனுக்காவது கைமாத்தியிருப்பான். லாயிட் இருந்தா உன் தோளைத் தட்டியிருப்பான்."

அவள் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். அது பகலில் யாரும் சாத்தாத கதவு. அடிப்பக்கம் தரையில் உரசியது, காலால் தள்ள வேண்டியிருந்தது. பதிவேட்டைப் புரட்டினாள். லாயிடின் சாய்ந்த எழுத்து. எண் முழுவதும் ஒத்துப்போனது, எதிரே ஓரினின் பெயர். ஓரத்தில் லாயிட் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தான்: "தேதிக்காக முப்பத்தியேழு பெட்டி திறந்தேன்."

தொலைபேசியில் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். தெரு தெரியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். தெரியும் என்றாள்.

"வாங்கினவர் இப்பவும் அந்த ஊர்ல இருக்காரா, மேடம்?"

"இருக்கார்."

"இதைப் பத்தி அவர்கிட்ட பேச வேண்டாம்."

வெளியே வந்தபோது ஓரின் மேசையருகே நின்றிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவைத் திறந்துவைத்திருந்தார்.

"கதவெல்லாம் சாத்துற? ரகசியமா? போகட்டும், டெஸ்ஸாவோடதை எடு. நாலரைக்கு அவளைப் பள்ளிக்கூடத்துலேருந்து கூட்டிட்டு வரணும்."

வெர்னா 0922-ஐ அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். ஆனால் அதன் மேலிருந்த கையை எடுக்கவில்லை.

"இது யாருக்கு, ஓரின்?"

"என்ன கேள்வி? டெஸ்ஸாவுக்கு."

"வேற யாருக்கும் இல்லையே?"

ஓரின் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடியிருந்த நான்கு பெட்டிகளைப் பார்த்தார். அவள் சாத்திய பின்னறைக் கதவைப் பார்த்தார்.

"என்னையா கேக்குற?" என்றார்.

அவள் கையை எடுக்கவில்லை.