மாமா எடுத்துப்போன சைக்கிள்

பல் செட் செய்யும் பட்டறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பிளாஸ்டர் தூசி புகுந்து பாழாகிவிடும் என்று வாசலிலேயே ஆளுக்கொரு இழுப்பறை கொடுத்திருந்தார் முதலாளி. அதனால் சாப்பாட்டு நேரத்தில் கை கழுவிவிட்டு வந்து இழுப்பறையைத் திறந்தபோதுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது. வாடகை சைக்கிள் ஆப்பிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. உங்கள் பயணம் தொடர்கிறது.

அவள் எங்கே பயணம் போனாள்? காலையிலிருந்து முகம் தெரியாத யாருக்கோ மேல்வரிசைப் பற்களை மெழுகில் பதித்துக்கொண்டிருந்தாள். அவள் கணக்கில் சைக்கிள் எடுக்கக்கூடிய இன்னொரு ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவளுடைய மாமனார்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மாமியார் போன பிறகு மகன் வீட்டோடு வந்துவிட்டார். கொஞ்ச நாளாக மறதி. ஒரு நாள் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே கடைக்குப் போய்விட்டார். தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் தலையில் சொட்டியது. இன்னொரு நாள் சொந்தத் தெருவிலேயே வீட்டைத் தேடிக்கொண்டு நின்றார். அன்றைக்கே அவள் கணவன் அவருடைய மொபெட் சாவியை வாங்கித் தன் ஆபீஸ் மேஜையில் போட்டுப் பூட்டிவிட்டான். "டாக்டர் டெஸ்ட் ரிசல்ட் சொல்றவரைக்கும் அப்பா எதையும் ஓட்டக் கூடாது" என்றான். மாமனார் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூட அவளுக்கு மனசு ஆறியிருக்கும். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

ஒருநாள் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, தெரு முனையில பச்சை சைக்கிள் வரிசையா நிக்குதே, பேட்டரியில ஓடுதே, அதுக்குச் சாவி எதுவும் வேண்டாமாமே?"

கேட்ட விதம் அவளை என்னவோ செய்தது. தன் கணக்கிலேயே அவர் போனில் ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள். "பூங்காவைச் சுத்தி மட்டும்தான் மாமா. அவர்கிட்ட சொல்லிடாதீங்க." அவரும் வாயைத் திறக்கவில்லை. கூட்டுக் களவாணிகள் மாதிரி இருவரும் இதை மூடி வைத்திருந்தார்கள்.

இப்போது வரைபடத்தில் அந்தப் பச்சைப் புள்ளி பூங்கா பக்கமே இல்லை. ஊரின் மறுகோடியில், வெளிவட்டச் சாலையில், ஆற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் என்ன வேகம்! லாரிகள் பறக்கிற சாலை அது. அவரைக் கூப்பிட்டாள். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். அதே பதில்.

சாப்பாட்டு டப்பாவைத் தொடாமலே மூன்றாவது முறை கூப்பிட்டாள்.

"என்னடி, முகம் பிளாஸ்டரைவிட வெளுத்துப்போச்சு?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. மெழுகு வேலையில் கெட்டிக்காரி என்பதால் பட்டறை முழுக்க அவளுக்கு மெழுகக்கா என்றுதான் பேர்.

அவள் போனை நீட்டினாள். மெழுகக்கா பார்த்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். நடைபாதையில் அதே ஆப்பின் மின்சார ஸ்கூட்டர்கள் நின்றன. நின்றுகொண்டே ஓட்டுகிற, மெல்லிய கழுத்து வண்டிகள்.

"உன் கணக்குலதான் உன் மாமனார் போறாரே, உனக்கு இன்னொண்ணு தராது. என் கணக்குல எடுத்துத் தரேன். முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன். போ."

"அக்கா, நான் இதை ஓட்டினதே இல்ல."

"உன் மாமனார் ஓட்டும்போது உனக்கென்ன? கைப்பிடிய மட்டும் விட்டுடாத."

வண்டி ஒரு குலுக்கலோடு கிளம்பியது. முதல் திருப்பத்தில் ஒரு தபால்பெட்டி மேல் மோத இருந்தாள். பஸ் ஒன்று உரசிக்கொண்டு போனது. அந்தக் காற்றிலேயே வண்டி ஆடியது. ஒவ்வொரு சிக்னலிலும் போனைப் பார்த்தாள். புள்ளி ஓடிக்கொண்டே இருந்தது. எழுபதைத் தாண்டிய மனுஷன் எதற்கு இப்படிப் போகிறார்? யாராவது துரத்துகிறார்களா? பிரேக் போய்விட்டதா? அல்லது எங்கே போகிறோம் என்பதே மறந்துபோய், நிறுத்தத் தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறாரா?

பள்ளிக்கூடம் ஒன்று வந்தது. வண்டி தானாகவே வேகத்தைக் குறைத்து ஊர ஆரம்பித்தது. பிள்ளைகள் நடமாடும் இடம் என்று அதற்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு முறுக்கினாலும் அசைய மாட்டேன் என்றது. அவள் ஒரு காலால் தரையை உந்தி உந்தித் தள்ளினாள். அந்த நேரம் பார்த்துக் கணவன் கூப்பிட்டான். எடுக்கவில்லை. எடுத்து என்ன சொல்வது? உங்கப்பாவுக்கு நான்தான் வண்டி கொடுத்தேன், இப்போது ஆளைக் காணோம் என்றா?

புள்ளி நின்றது. ஆற்றுப் பாலத்தை ஒட்டி, கரையோரமாக.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அது நகரவில்லை. தண்ணீர் என்ற ஒரே நினைப்புதான் அவள் மண்டையில் இருந்தது. அதற்குப்பின் எந்தச் சாலையில் எப்படிப் போனாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

பாலத்தடியில் கம்பிவேலி போட்ட ஒரு பெரிய கொட்டகை. உள்ளே வரிசை வரிசையாகப் பச்சை சைக்கிள்கள். கவிழ்த்துப் போட்டவை, சக்கரம் கழற்றியவை. சிலர் பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு வேன். அதிலிருந்து சைக்கிள்களை இறக்கிக்கொண்டிருந்த டிரைவரிடம் ஓடினாள்.

"அண்ணே, இங்க வயசானவர் ஒருத்தர் வந்தாரா? சைக்கிள்ல?"

"இங்க யாரும்மா சைக்கிள்ல வருவாங்க? சைக்கிள்தான் வேன்ல வரும்."

போனில் இருந்த வண்டி எண்ணைக் காட்டினாள். டிரைவர் தேடி ஒன்றை உருட்டி வந்தார். கூடையில் மாமனாரின் சாம்பல் நிற மழைக்கோட்டு மடித்தபடி இருந்தது. பாவம், எப்போதும் போல அழகாக மடித்திருந்தார்.

"இதுவா? ஒரு கிளினிக் வாசல்ல நின்னுச்சு. சக்கர நாற்காலி ஏறுற சரிவுப் பாதைய மறிச்சுக்கிட்டு நிக்குதுன்னு கம்ப்ளெயிண்ட். தூக்கிட்டு வந்துட்டோம்."

இவ்வளவு நேரம் அவள் விழுந்தடித்துத் துரத்தியது ஒரு வேனை. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த மூச்சிலேயே வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. சைக்கிள் இங்கே இருக்கிறது. அவர் எங்கே?

"எந்த கிளினிக் அண்ணே?"

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவளுடைய ஸ்கூட்டர் சார்ஜ் இறங்கிச் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. "ஏறும்மா வேன்ல" என்றார்.

வழியெல்லாம் அவள் இருக்கை நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். நடைபாதையில் வழுக்கைத் தலை எது தெரிந்தாலும் கழுத்தை நீட்டினாள்.

கிளினிக் இருந்த தெருவில் மாமனார் நின்றார். எதிர்ச்சாரியில் இருந்த சைக்கிள் நிறுத்தத்தில், ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வண்டி வரை போனார். திரும்பி முதல் வண்டியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மாமா!"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். "நீ எங்கம்மா இங்க? நான் சும்மா... காலாற நடக்கலாம்னு..." வண்டி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "வண்டிய எங்க விட்டேன்னு தெரியலம்மா."

"மாமா, அது..."

"இரு, சொல்லிடறேன். அடுத்த வாரம் உன் புருஷன் பக்கத்துல உக்காந்து ரிசல்ட்ட கேக்க எனக்கு முடியல. தனியா கேட்டுடலாம்னு வந்தேன். டாக்டர் நல்லாத்தான் சொன்னாரு. வயசுக்கு உண்டான மறதிதான், பயப்படாதீங்கன்னாரு. சந்தோஷமா வெளிய வரேன், வண்டி இல்ல. வாசல்லதான் விட்டேன்னு மனசு அடிச்சு சொல்லுது. கண்ணு இல்லங்குது. அப்ப மனசுதானே பொய் சொல்லுது? டாக்டருக்கு என்ன தெரியும்? உள்ள போறப்ப போனை அணைச்சேன். திரும்பப் போட பயமா இருந்துச்சு. யார் கூப்பிட்டாலும் என்னத்த சொல்றது?"

"மனசு பொய் சொல்லல மாமா. வாசல்லதான் விட்டீங்க. இவங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க."

டிரைவர் தன் போனைக் காட்டினார். தூக்குவதற்கு முன் எடுத்த படம். சரிவுப் பாதை, அதன் குறுக்கே பச்சை சைக்கிள், கூடையில் மழைக்கோட்டு. மாமனார் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"நான் விட்ட இடம்தான்" என்றார். பிறகு குரல் உயர்ந்தது. "ஏன்யா, இந்த வண்டிய எடுத்துட்டுப் போறோம்னு ஒரு துண்டுச் சீட்டு ஒட்டிட்டுப் போனா குறைஞ்சா போயிடுவீங்க? மனுஷன் பைத்தியம் பிடிச்சு நிக்கறேன் இங்க!"

"வழிய மறிச்சு விட்டது நீங்கதானே பெரியவரே" என்றார் டிரைவர், பணிவாகத்தான்.

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவர் அழுது அவள் பார்த்ததில்லை; மாமியார் போன அன்றைக்குக்கூட.

போன் மறுபடி அடித்தது. கணவன். இந்த முறை எடுத்து, ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "உனக்கு மூளை இருக்கா? ஏதாவது ஆகியிருந்தா?" என்றான். ஆகியிருக்கலாம்தான். "அப்பாகிட்ட குடு" என்றான் கடைசியில், குரல் இறங்கி.

மாமனார் போனை வாங்கிக் காதில் வைத்தார். "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். "அவளத் திட்டாதடா. கேட்டது நான்" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

"வாங்க மாமா, பஸ்ல போயிடலாம்."

அவர் நிறுத்தத்தில் நின்ற சைக்கிள்களைப் பார்த்தார். ஒன்றின் கைப்பிடியைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார். "ஆமாம்மா. பஸ்லயே போயிடலாம். எனக்கெதுக்கு இனிமே இதெல்லாம்."

அந்தக் குரல் ஜன்னலோர நாற்காலியின் குரல். பஸ் ஏறிவிட்டால் இனி அவர் எதிலும் ஏற மாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது. கணவன் சொன்னது இன்னும் காதில் இருந்தது. அவன் சொன்னதில் தப்பும் இல்லை. இருந்தும், பழைய பயணத்தை முடித்துவிட்டு ஒரு சைக்கிளின் பூட்டைத் திறந்தாள். "ஏறுங்க மாமா. நான் பக்கத்துலயே வரேன்."

"கீழ விழுந்தா?"

"புடிச்சுக்கறேன்."

அவர் ஏறினார். முதல் மிதியில் சைக்கிள் ஆடியது. பிறகு அது நேராகி, சைக்கிள் பாதையில் மெல்ல நகர்ந்தது. அவள் ஒரு கையைச் சீட்டுக்குப் பின்னால் நீட்டியபடி கூடவே ஓடினாள். முன்னால் பெரிய சாலைச் சந்திப்பு. பஸ்களும் லாரிகளும் போய்க்கொண்டிருந்தன.

"மாமா, சிக்னல்! சிவப்பு!"

"தெரியுதும்மா" என்றார் அவர். ஆனால் இன்னும் பிரேக்கைப் பிடிக்கவில்லை. அவள் ஓட்டத்தை விரைவாக்கினாள்.