அடுப்பை அணைத்த பிறகு போட்ட ஹாப்ஸ்

அடுத்த வீட்டு லைலை நான் மன்னிக்கவில்லை. கடைசியில் மன்னித்துவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பல வருடம் என் கராஜில்தான் நாங்கள் இருவரும் பீர் காய்ச்சினோம். அண்டா என்னுடையது, அடுப்பு என்னுடையது, யோசனையும் என்னுடையது. லைல் கொஞ்ச நேரம் துடுப்பால் கிளறுவான், மிச்ச நேரம் வாயால் கிளறுவான். எங்கள் யாக்கிமா பள்ளத்தாக்கில் தடுக்கி விழுந்தால், பீருக்குக் கசப்பும் வாசனையும் தருகிற ஹாப்ஸ் பூந்தோட்டத்தில்தான் விழ வேண்டும். அதனாலேயோ என்னவோ, இங்கே எல்லோரும் அந்தப் பூவை அள்ளி அள்ளிக் கொதியில் போட்டுக் கசக்க வைப்பார்கள். நான் கொதியில் ஒரு பூகூடப் போடவில்லை. அடுப்பை அணைத்த பிறகுதான் மொத்தத்தையும் கொட்டினேன். கசப்பு அளவோடு நின்றது. வாசனையோ, ஆரஞ்சுத் தோலை மூக்கருகே பிழிந்தது போல ஏறியது. ஐபிஏ என்கிற அந்த ஹாப்ஸ் தூக்கலான பீர் சரியாக வருவதற்குள் எத்தனை அண்டா பீரைச் சாக்கடையில் ஊற்றினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அதில் சில புட்டிகளை எடுத்துப்போய், வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான எங்கள் சங்கத்துப் போட்டியில் தன் பெயரில் வைத்துவிட்டான் லைல். முதல் பரிசு. பரிசு என்றால், ஊர் பீர் ஆலையில் அதையே பெரிய அளவில் காய்ச்சி, ஹாப்ஸ் அறுவடை விழாவில் ஜெயித்தவர் பெயரைக் குழாய்மேல் எழுதி ஊற்றுவார்கள்.

"என் பேரையும் சேத்து எழுதச் சொல்லு லைல்" என்று கேட்டேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

"வெறும் பீருதான மாவிஸ், இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு. நீ அண்டா குடுத்த. மேடைல ஒரு தாங்க்ஸ் சொல்லிடறேன், போதுமா?"

பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், லைல் மாட்டினால் போதும் என்று பொறுத்தேன்.

ஆலையில் காய்ச்சுகிற நாளன்று சங்கத்தார் எல்லோரும் போய் நிற்பது வழக்கம். அன்றைக்கு ஜெயித்தவர் வைத்ததுதான் சட்டம். அங்கே காய்ச்சும் பொறுப்பு இனெஸுடையது. அவள் லைல் கொடுத்த செய்முறையைப் படித்துவிட்டு வந்தாள்.

"அணைச்ச உடனே எல்லா ஹாப்ஸும் போடணும்னு இருக்கு. வீட்டு அண்டா சீக்கிரம் ஆறிடும், சரி. இது மாடி ஒசரத்துக்கு இருக்கு. ஒரு மணி நேரம் ஆனாலும் சூடு இறங்காது, போட்டதெல்லாம் வெந்து கசந்துடும். மொதல்ல ஆற வச்சிட்டு அப்புறம் போடலாமா?"

லைல் முழித்தான். ஆறுவதற்கும் கசப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குத் தெரியாது. சுற்றிலும் அத்தனை பேர். மெல்ல என் பக்கம் திரும்பினான்.

"நீ என்ன சொல்ற மாவிஸ்?"

"நான் என்னத்தச் சொல்ல? நான் அண்டா குடுத்தவ. ஜெயிச்சது உன் செய்முறை. அதுல கை வச்சா, இது ஜெயிச்ச பீரே இல்லன்னு நாளைக்கு நாலு பேர் பேசுவாங்க."

"அதான. ஒண்ணையும் மாத்தாதீங்க" என்றான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

இனெஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு ஹாப்ஸ் மூட்டையைப் பிரிக்கப் போனாள்.

விழாவில் முதல் மடக்கிலேயே ஊர்மொத்தமும் விளக்கெண்ணெய் குடித்த மூஞ்சியாகிவிட்டது. ஒரு ஹாப்ஸ் தோட்டக்காரர் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"லைல், இதக் குடிக்கறதா, இல்ல கரையான் வராம வேலிக்கு அடிக்கறதா?"

கூட்டம் சிரித்தது. லைலின் காது சிவந்தது.

"என்ன ஏன் கேக்கறீங்க? இது என் செய்முறையே இல்ல. மாவிஸோடது. எல்லாம் அவ கண்டுபிடிச்சது, நான் கிளறினதோட சரி. அவளப் போய்க் கேளுங்க."

"இன்னொரு தடவ சொல்லு லைல்" என்றேன். "பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சொன்னான், இன்னும் சத்தமாக. மனசு குளிர்ந்துவிட்டது எனக்கு.

என் வண்டியின் பின்னால் ஒரு சின்னப் பீப்பாய் வைத்திருந்தேன். அதே செய்முறை, என் அண்டாவில் காய்ச்சியது. "கேட்டீங்கள்ல, இதுதான் என்னோடது" என்று சொல்லி எல்லோருக்கும் ஊற்றினேன். தோட்டக்காரர் முகர்ந்தார், குடித்தார், வாயைத் துடைக்காமல் மறுபடி கோப்பையை நீட்டினார். இனெஸ் மெதுவாகக் குடித்து முடித்தாள். "அடுத்த வருஷம் நீ வந்து நில்லு, ஆற வச்சுக் காய்ச்சுவோம்" என்றாள்.

வரிசையின் கடைசியில் லைல் வந்து நின்றான். வெறும் கோப்பையை நீட்டினான்.

"எனக்கும் கொஞ்சம் ஊத்து மாவிஸ்."

பீப்பாயில் இன்னும் பாதி இருந்தது. நான் குழாயைத் திருகி மூடினேன்.

"உன் பேரு போட்ட குழாய் அங்க இருக்கு லைல். கூட்டமே இல்ல. போய் வயிறு நெறயக் குடி."